குடலின் கடைசிச் சாண்

குடலை நெளியவைக்கும் நரம்புகள் பிறப்பது கழுத்துப் பக்கத்தில். கருவுக்கு நான்காவது வாரம் நடக்கையில், பின்மூளையை ஒட்டியுள்ள நரம்பு முகட்டிலிருந்து கொஞ்சம் செல்கள் கழன்று முன்குடலுக்குள் இறங்குகின்றன. ஏழாவது வாரவாக்கில் ஆசனவாய்ப் பக்கம் போய்ச் சேர்கின்றன. வால் பக்கமிருந்தும் ஒரு சிறு கூட்டம் எதிரே வரும். ஆனால் வேலையில் பெரும்பங்கு கழுத்துக்காரர்களுடையதுதான்.

இந்தப் பயணத்தைக் கண்ணால் பார்க்க வழிசெய்தது காடை. காடைச் செல்லுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், உட்கருவின் நடுவே சாயம் திரண்டு கரும்பொட்டு இட்டதுபோலத் தெரியும். கோழிச் செல்லில் அந்தப் பொட்டு இல்லை. இதைக் கவனித்தவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரென். காடைக் கருவின் நரம்பு முகட்டில் ஒரு துண்டை வெட்டி, கோழிக் கருவில் அதே இடத்தில் ஒட்டினார். பிறகு கோழிக்குடலை அரிந்து பொட்டுள்ள செல்களைத் தேடினால் போதும். அவரும் மரி-எமே தெய்யேவும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதுதான். இத்தனை சிக்கனமான அடையாளக்குறி பிறகு எதுவும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செல்கள் ஒன்றையொன்று தொட்டபடி சரஞ்சரமாக நகர்கின்றன. அவற்றுக்கு வேகத்தைவிட எண்ணிக்கைதான் முக்கியம். போகப்போகப் பெருக வேண்டும். கூட்டம் மெலிந்தால் வழியிலேயே நின்றுவிடும். பெருகத் தூண்டும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தைக் குடல் சுவரே சுரக்கிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி, ரெட் மரபணுவின் தயாரிப்பு. ரெட் நீக்கப்பட்ட எலிகளின் குடலில் நரம்புச் செல்லே இல்லை என்று 1994இல் தெரிந்தது.

அதே ஆண்டு, ஹிர்ஷ்ஸ்ப்ருங் நோயுள்ளவர்களிடமும் ரெட் பழுதுகள் கண்டறியப்பட்டன. கோபன்ஹேகன் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1886இல் விவரித்த நோய் அது. சுமார் 5,000 பிறப்புக்கு ஒன்று. குடல் வீங்கியிருப்பதே நோய் என்று வெகுகாலம் நம்பினார்கள். உண்மையில், செல்கள் எட்டாத கடைசிப் பகுதி தளராமல் இறுகிக் கிடக்கிறது. மலம் தேங்கி அதற்கு மேலே உள்ள நல்ல குடல் வீங்குகிறது. 1948இல் ஆர்வர் ஸ்வென்சன் அந்த இறுகிய பகுதியை வெட்டி நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்துக் காட்டினார். இன்றும் சிகிச்சை அதுவே. எதுவரை வெட்டுவது என்பதை அறுவை மேசையிலேயே தீர்மானிக்கிறார்கள்: குடல் சுவரில் ஒரு துணுக்கை எடுத்து உறையவைத்துச் சீவி, நரம்புச் செல் இருக்கிறதா என்று நோயியல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கொல்கத்தாவில் பிறந்த அரவிந்த சக்கரவர்த்தியின் குழு 2005இல் சொன்னது இன்னும் சுவாரசியம். ரெட் புரதத்தின் வடிவத்தில் குறையே இல்லாமலும் நோய் வரலாம். மரபணுவைத் தூண்டிவிடும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அதன் உற்பத்தி குறைகிறது. அந்த மாற்றம் மக்களிடையே மிகச் சாதாரணம், இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. நோய் வருவதும் ஆண் குழந்தைகளுக்கே சுமார் நான்கு மடங்கு அதிகம்.