குத்தகைத் தீவும் ஒரு மாளிகையும்

பினாங்கில் அரண்மனை பார்க்கணும் என்று கேட்கிற நண்பர்களை எங்கே கூட்டிப்போவது? இந்த மாநிலத்துக்குச் சுல்தான் கிடையாது, ஆளுநர்தான். அதனால் ஆயர் ஈத்தாம் சாலைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். அங்கே மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில், சஃபோக் மாளிகை நிற்கிறது. உயரமான தூண்கள், அகன்ற தாழ்வாரம், முன்னால் புல்வெளி. 1929-இல் பள்ளிக்கூடத்துக்காக வாங்கப்பட்டு, 70-களில் ஆபத்தான கட்டடம் என்று கைவிடப்பட்டு, 2007-இல் முழுசாகச் சீரமைக்கப்பட்டது.

இந்த இடம் முதலில் பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம். 1786 ஆகஸ்ட் 11-இல் தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றியவர் அவர். சஃபோக் என்பது இங்கிலாந்தில் அவருடைய ஊர்ப்பக்கம். இப்போதுள்ள மாளிகை அவர் இறந்த பிறகு, வில்லியம் எட்வர்ட் பிலிப்ஸின் காலத்தில் எழுந்தது.

தோட்டம் யாருடையது என்று சொல்லியாச்சு. நிலம் யாருடையது? கெடா சுல்தானுடையது. சயாம் படையெடுத்து வந்தால் கம்பெனி துணைக்கு வரவேண்டும் என்பதுதான் சுல்தான் அப்துல்லா கேட்ட முக்கியமான நிபந்தனை. கம்பெனி மேலிடம் அதற்குச் சம்மதிக்கும் முன்பே லைட் கொடியை ஏற்றிவிட்டார். சம்மதம் கடைசிவரை வரவில்லை. பொறுத்துப் பார்த்த சுல்தான், 1791-இல் தீவை மீட்க எதிர்க்கரையான பிறையில் ஆட்களையும் படகுகளையும் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி ஜெயித்தார். அதன்பின் எழுதிய ஒப்பந்தத்தில் சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். 1800-இல் எதிர்க்கரை நிலமும் கைமாறியபோது அது 10,000 ஆனது.

சுல்தான் பயந்தது 1821-இல் நடந்தது. சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. அப்துல்லாவின் மகன் சுல்தான் அகமது தாஜுடின் தப்பி ஓடிவந்தது பினாங்குக்கு, தன் அப்பா கொடுத்த தீவுக்கே அகதியாக. அப்போது இங்கே ஆளுநர் அதே பிலிப்ஸ்தான். இருக்க இடம் கிடைத்தது, நாட்டை மீட்கப் படை கிடைக்கவில்லை. 1826-இல் சயாமுடன் பர்னி ஒப்பந்தம் போட்டபோது, அந்தச் சுல்தானைப் பினாங்கில் வாழ விடமாட்டோம் என்றும் ஆங்கிலேயர் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அவர் மலாக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. அரியணைக்குத் திரும்பியது 1842-இல், சுருங்கிப்போன ஒரு கெடாவுக்கு.

கடாரம் என்றதும் நமக்கு 1025-இல் கப்பற்படை அனுப்பிய ராஜேந்திரன்தான் ஞாபகத்துக்கு வருவான். அந்தக் கடாரம்தான் இந்தக் கெடா. வென்றவனின் பெயரைப் பெருமையாகச் சொல்கிற நாம், அதே நாட்டின் அரசன் ஒருவன் நம் ஊரிலேயே அகதியாக இருந்ததைப் பேசுவதில்லை. இத்தனைக்கும் லைட் வருவதற்கு முன்பே நம் சூலியா வணிகர்களின் கப்பல்கள் கெடாவுக்குப் போய்வந்தன. சுல்தான்களின் துறைமுகத்தில்தான் அவர்கள் பிழைத்தார்கள். துறைமுகம் பினாங்குக்கு மாறியதும் அவர்களும் மாறினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வந்து, வியாபாரமும் கூலிவேலையும் செய்து, சில டாலர்களோடு ஊர் திரும்புகிறார்கள் என்று 1794-இல் லைட் எழுதினார். நாம் இங்கே காலூன்றியதும் கெடா தன் தீவை இழந்ததும் ஒரே பேரத்தில் நடந்தவை. சூலியா தெருவில் நடக்கும்போது இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டியிருக்கிறது.

காலையில் மாளிகையைப் பார்த்துவிட்டால், வெயில் தாழ்ந்ததும் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். 1884-இல் பழைய கல்லுடைப்பு நிலத்தில் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கியது. பெரிய மரங்கள், நல்ல நிழல்.

அந்த 10,000 கணக்கு இன்னும் முடியவில்லை. மலேசிய அரசு கெடாவுக்கு ஆண்டுதோறும் 10,000 வெள்ளி கொடுத்துவந்தது. 2018-இல் அதை 10 மில்லியன் வெள்ளியாக உயர்த்தினார்கள். போதாது என்கிறது கெடா. ஆனால் அப்துல்லா முதலில் கேட்டது படைத்துணை. அந்தப் பாக்கி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.