வேர்க்குருவின் வேர்

கோடையில் குழந்தையின் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் சிவந்த பொடி எழுந்தால் வேர்க்குரு என்கிறோம். சொல் விரும்பும் அன்பரே, இதில் மரத்தின் வேருக்குப் பங்கில்லை. வியர்வை வேர்வையானதுபோல வியர்க்குரு வேர்க்குருவாயிற்று. ஆசானாகிய வடமொழிக் குருவுக்கும் இங்கே இடமில்லை. குரு, கெழு இரண்டும் நிறம் குறிப்பன என்று தொல்காப்பிய உரியியல் கூறும். தோலில் நிறம் மாறி எழுவதால் கொப்புளமும் குரு ஆயிற்றோ என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலையாளத்தில் குரு கொப்புளத்தையும் குறிக்கிறது, சக்கக்குரு என்னும்போது பலாக்கொட்டையையும் குறிக்கிறது. ஆதலால் உள்ளே திரண்டு புடைத்தது என்ற கருத்தே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

இன்று இத்தனை எளிதாய் ஒலிக்கும் இச்சொல் ஒருகாலத்தில் நாட்டையே நடுங்க வைத்தது. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வெப்புநோயும் குருவும் தொடர, கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு விழாவெடுத்தான் என்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. அங்கே குரு என்பது வியர்வைப் பொடியன்று, ஊரை வாரிக்கொண்டுபோன கொள்ளைக் கொப்புளம்.

பின்னாளில் அந்த அச்சம் குருவை விட்டு முத்துக்குக் குடிபெயர்ந்தது. அம்மை முத்து, முத்து இறங்கியது, முத்துமாரி என்பன தமிழகம் முழுதுக்கும் பொதுவான வழக்கு. எனினும் பொருநை வண்டல் கடலைத் தள்ளிவிட, இன்று வயல் நடுவே நிற்கும் பழைய முத்துத்துறையான கொற்கையில் அச்சொல்லைக் கேட்டால் காது சற்றே நிற்கும். நோயை ஏசாமல் விலையுயர்ந்த பொருளின் பெயரால் அழைப்பது, அம்மையாய் வந்த தெய்வத்துக்குச் சினமூட்டாமல் வழியனுப்பும் பணிவு.

பெயர்களுக்குள் மருத்துவமும் உண்டு. சின்னம்மையின் முத்து நீர்கோத்து, பின் காய்ந்து பொருக்காகும். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை நோய் பிறருக்குத் தொற்றும் என்பதால், அதுவரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாகாது. நகத்தை வெட்டிவிட வேண்டும், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மணலை வாரித் தூவினாற்போல் நெருங்கிப் படர்வது மணல்வாரி. காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் முன்னே வர, தடிப்பு முகத்தில் தொடங்கிக் கீழிறங்கும். இதை வெறும் சூடு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். மணல்வாரிக்கான தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒருமுறை, 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறை. வேர்க்குருவுக்கோ காற்றும், குளிர்ந்த நீரும், தளர்ந்த பருத்தி உடையும் போதும். வியர்வை நாளம் அடைபட்டதன் விளைவே அது.

பெரியம்மையை நம் முன்னோர் வைசூரி என்றனர். 1975இல் இந்தியாவிலும் 1980க்குள் உலகெங்கும் அந்நோய் ஒழிந்தபின், அப்பெயருக்கு அகராதியில் மட்டுமே வேலை. கொற்கையை அலறவைத்த குருவும் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு, குழந்தையின் கழுத்து மடிப்பில் சிறு பொடியாய்ச் சுருங்கிவிட்டது. அடுத்து மணல்வாரி, மணலை வாரும் கைக்கு மட்டும் பெயராகட்டும்.