டிக்கெட்டின் விலை

ஒரு நகரத்தை ஆள்கிறவர் யார் பக்கம் என்று அறிய அவருடைய மேடைப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. பஸ் டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். லண்டன் மாநகரத்துச் சரித்திரமே இதற்குச் சாட்சி.

1981 மே மாதம் லண்டன் பெருநகர் மன்றத் தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்தது. மறுநாளே கென் லிவிங்ஸ்டன் அதன் தலைவரானார். அக்டோபரில் பஸ், சுரங்க ரயில் கட்டணங்கள் சராசரி 32 சதவீதம் குறைந்தன. விழுந்த துண்டை நகர வரியை உயர்த்தி ஈடுகட்டினார்கள்.

புரோம்லி என்ற புறநகரின் நகரசபை வழக்குத் தொடுத்தது. அவ்வூரில் சுரங்க ரயிலே கிடையாது. வராத ரயிலுக்கு வரி கட்டுவானேன் என்று அவர்கள் நினைத்ததில் தவறென்ன? ஆனால் விடியுமுன் ஆபீஸ் கூட்டிப் பெருக்கப் பஸ் ஏறுகிறவளுக்கு மிச்சமாகும் சில்லறையும் நியாயந்தானே! கதை எழுதுகிற எனக்கு இந்த வழக்கில் வில்லன் அகப்படவில்லை.

டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 1969-ஆம் வருஷச் சட்டப்படி போக்குவரத்தை வரவு செலவு பார்த்துத்தான் நடத்த வேண்டும். கட்டணக் குறைப்புச் செல்லாது என்றார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் இரு மடங்காயிற்று.

லிவிங்ஸ்டன் ஓயவில்லை. 1983-ல் சட்டத்துக்கு உட்பட்டே மறுபடி குறைத்தார். பஸ்ஸுக்கும் சுரங்க ரயிலுக்கும் ஒரே பாஸ் வந்தது. 1986-ல் தாட்சர் சர்க்கார் அந்த மன்றத்தையே கலைத்துவிட்டது.

2000-ல் அவர் சுயேச்சையாக நின்று மேயரானார். 2003-ல் நகரத்தின் மையத்துக்குள் வரும் காருக்கு நாளொன்றுக்கு 5 பவுன் வசூலித்து, அதைப் போக்குவரத்துக்கே செலவிட்டார். 2004-ல் வந்த நகரத் திட்டம், புதிய வீடுகளில் பாதி எளியவர்களுக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்றது. பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாடகை துரத்தத் துரத்த ஏழை தூரத்துக்குப் போகிறான். அவன் டிக்கெட்டும் நீள்கிறது. அந்தப் பாதி மட்டும் கடைசிவரை எட்டவில்லை.

2008-ல் அவர் தோற்றார். நகர மையத்துக் கார்க் கட்டணத்தையோ, அந்தப் பாஸையோ அவருக்குப் பின் வந்தவர் எடுத்துவிடவில்லை. புரோம்லிக்காரர்கள் வேலைக்கு வந்த ஆபீஸ்களையும் யாரோ ஒருத்தி பஸ்ஸில் வந்துதான் பெருக்கியிருப்பாள். பஸ் ஏறாதவனுக்கும் பஸ் ஓடுகிறது. அந்தக் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் ஏறுவதில்லை.