இரண்டு சிலுவைகள் பொறித்த கல்

பெல்ஜியத்தின் ஈப்ர், பொப்பரிங்கே ஆகிய நகரங்களுக்கு இடையே பிராண்ட்ஹூக் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே முதலாம் உலக யுத்தத்தில் இறந்தோரின் மயானம் ஒன்று இருக்கிறது. நமது நாட்டில் கண்டியிலும் திருகோணமலையிலும் உள்ள யுத்த மயானங்களைப் பராமரிக்கும் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழுவே அதையும் பராமரிக்கிறது. இறந்தவர் தளபதியாயினும் சிப்பாயாயினும் கல்லறையில் வேறுபாடு காட்டலாகாது என்பது அதன் விதி. ஆயினும் பிராண்ட்ஹூக்கில் ஒரு கல்லில் மட்டும் இரண்டு விக்டோரியா சிலுவைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அது கப்டன் நோயல் சவாஸ் என்னும் வைத்தியரின் கல்லறை.

பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான அச்சிலுவையை இரு தடவை பெற்றவர்கள் இதுவரை மூவரே. அவர்களுள் இருவர் இராணுவ வைத்தியர்கள். சவாஸுக்குக் கிடைத்த இரண்டு சிலுவைகளும் உயிர் காத்தமைக்காகவே வழங்கப்பட்டவை.

1884இல் ஒக்ஸ்போர்டில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தவர் சவாஸ். தந்தையார் பின்னர் லிவர்பூல் பேராயரானார். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சகோதரர் இருவரும் 400 மீற்றர் ஓட்டத்தில் கலந்துகொண்டனர். வைத்தியரான நோயல், யுத்தம் மூண்டதும் லிவர்பூல் ஸ்கொட்டிஷ் படையணியுடன் களம் சென்றார்.

1916 ஓகஸ்டில் பிரான்சின் கியமோன் கிராமத்தருகே நடந்த சண்டையில் பகல் முழுவதும் வெட்டவெளியில் காயக்காரருக்குச் சிகிச்சையளித்தார். இரவில் எதிரியின் முன்னரண் வரை சென்று, விழுந்து கிடந்தோரைத் தேடினார். மறுநாள் தாமே காயமுற்றும் ஓயவில்லை. அன்றிரவு 20 தொண்டர்களுடன் சென்று, எதிரியின் பதுங்குகுழியிலிருந்து 25 யார் தூரத்தில் கிடந்த மூவரை மீட்டார். இறந்தோரின் அடையாளத் தகடுகளையும் சேகரித்து வந்தார். அந்தத் தகடு இல்லாவிடில் மகன் என்னவானான் என்று ஒரு தாய்க்குத் தெரியவராது. உடல் கிடைக்காமலோ அடையாளம் காணப்படாமலோ போனவர்களுள் 54,000க்கும் அதிகமானோரின் பெயர்கள் இன்று ஈப்ர் நகரின் மெனின் வாயிலில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சவாஸ் செய்த அந்தச் சிறு வேலையின் பெறுமதியை அங்கு நின்றால் விளங்கிக்கொள்ளலாம்.

1917 யூலை 31ஆம் திகதி ஈப்ருக்கு அருகே மீண்டும் பெருஞ்சமர் தொடங்கியது. தொடக்கத்திலேயே தலையில் காயமடைந்த சவாஸ், பின்னே செல்ல மறுத்தார். கொட்டும் மழையில், சேற்றில், இரு நாட்கள் காயக்காரரைத் தேடிக் கொண்டுவந்தார். பின்னர் அவருடைய சிகிச்சை நிலையத்தின் மேல் ஷெல் விழுந்தது. வயிற்றில் படுகாயமுற்ற அவரை பிராண்ட்ஹூக்கிலிருந்த கள வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று சத்திரசிகிச்சை செய்தனர். ஓகஸ்ட் 4ஆம் திகதி அங்கேயே உயிர் நீத்தார். அவருக்கு வயது 32. மணம் பேசியிருந்த கிளாடிஸ் இங்கிலாந்தில் காத்திருந்தார். இரண்டாவது சிலுவை மரணத்தின் பின்னரே அறிவிக்கப்பட்டது.

ஆனால் அந்த மயானத்தில் அவர் தனியே இல்லை. அவருடைய உதவியாளராயிருந்த சிப்பாய் ரட் அதே மயானத்தில் உறங்குகிறார். சவாஸ் இறந்து 17 நாட்களின் பின், ஓகஸ்ட் 21இல், பிராண்ட்ஹூக்கின் கள வைத்தியசாலை ஒன்றின் மீது ஷெல் விழுந்து, 26 வயதுத் தாதி நெல்லி ஸ்பின்ட்லர் கொல்லப்பட்டார். பொப்பரிங்கேக்கு அருகே லைசன்ட்ஹூக் மயானத்தில், 10,000க்கும் மேற்பட்ட ஆண்களின் நடுவே, ஒரே பெண்ணாக அவர் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவருடைய கல்லில் சிலுவை விருது எதுவும் இல்லை.

நம் பழைய மாணவிகளுள் வைத்தியர்களும் தாதியரும் பலர். ஐரோப்பாவில் வாழ்வோரும் பலர். பெல்ஜியம் செல்ல வாய்த்தால் சவாஸின் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சற்று அப்பால் சென்று நெல்லியின் கல்லருகிலும் ஒரு மலர் வையுங்கள். ஒரு வைத்தியர் மீட்டு வந்த உயிரைக் காப்பதற்குத் தூக்கிச் சுமந்தவர்களும் விழித்திருந்து பார்த்தவர்களும் வேண்டியிருந்தார்கள்.