கழுத்துப் பொத்தான் முதல் கைக்கடிகாரம் வரை

வயதானவர்கள் கால் இடறி விழுவது தினமும் நடக்கும் விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுவதால் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்!

சில நேரங்களில் விழுவதை விட ஆபத்தானது, விழுந்த இடத்திலேயே எழ முடியாமல் கிடப்பது. மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசைகள் சிதைந்து, அதிலிருந்து வரும் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். குளிர் நாடுகளில் உடல் சூடும் குறைந்துவிடும். 1981-ல் ஒரு பிரிட்டன் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். பெரிய காயம் இல்லாதவர்களும் இதில் அடக்கம்.

எனவே சீக்கிரம் யாருக்காவது தகவல் போக வேண்டும். எப்படி?

முதல் விடை 1970-களில் வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மான் வீட்டு அவசர அழைப்புக் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆண்ட்ரூ டிப்னர் 1974-ல் 'லைஃப்லைன்' நிறுவனத்தைத் தொடங்கினார். கழுத்தில் ஒரு பொத்தான், தொலைபேசியோடு ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் ரேடியோ அலை பெட்டிக்குப் போகும், பெட்டி உதவி மையத்தை அழைக்கும். அவ்வளவுதான்.

1980-களின் இறுதியில் 'லைஃப்கால்' என்ற நிறுவனம் கொடுத்த டி.வி. விளம்பரம் இதை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது. ஒரு பாட்டி விழுந்துவிட்டு, எழ முடியவில்லை என்று சொல்வார். பரிதாபம் என்னவென்றால், அந்த வசனம் நாடு முழுக்கக் கேலிப்பேச்சாகிவிட்டது!

பொத்தானின் உண்மையான குறை வேறு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. ஓராண்டில் விழுந்தவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு முறையாவது தாங்களாக எழ முடியாமல் போயிருந்தார்கள். 30 சதவீதம் பேர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கிடந்தார்கள். பலரது வீட்டில் அழைப்புக் கருவி இருந்தது. ஆனால் நீண்ட நேரம் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவே இல்லை. சிலர் பொத்தானை அணிந்திருக்கவில்லை. சிலர் அழுத்த முயன்று முடியாமல் போனார்கள். சிலர் வேண்டுமென்றே அழுத்தவில்லை.

அப்படியென்றால் பொத்தானை யாரும் அழுத்தாமலே கருவி தானாகக் கண்டுபிடித்தால்? இந்த யோசனை பழையதுதான். 1991-லேயே லார்ட், கோல்வின் என்ற இருவர் முடுக்கமானியை உடலில் பொருத்தி விழுவதை அறியலாம் என்று எழுதினார்கள். அதே காலத்தில்தான் கார் ஏர்பேக்குகளுக்காக முடுக்கமானி சிறு சில்லாகச் சுருங்கி, விலையும் இறங்கத் தொடங்கியது.

இது வேலை செய்யும் விதம் எளிது. சும்மா நிற்கும்போது முடுக்கமானி காட்டும் அளவு 1 ஜி. விழத் தொடங்கியதும் அது குறையும். தரையில் மோதும்போது சட்டென்று பல மடங்கு ஏறும். பிறகு உடல் கிடைமட்டமாகி அசைவில்லாமல் இருக்கும். இந்த வரிசை வந்தால் 'விழுந்துவிட்டார்' என்று கணக்கு.

ஆனால் சோதனைகளில் விழுந்து காட்டியவர்கள் பெரும்பாலும் மெத்தைமேல் விழுந்த இளைஞர்கள்! 2012-ல் ஓர் ஆய்வுக் குழு 13 கணக்கீட்டு முறைகளை எடுத்து, 29 உண்மையான விழுதல்களின் பதிவுகளில் சோதித்தது. சராசரியாக 57 சதவீத விழுதல்களைத்தான் அவை பிடித்தன. பொய் எச்சரிக்கை வேறு, சில முறைகளில் ஒரு நாளைக்குப் பல தடவை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாலே அலறும் கருவியை எந்தத் தாத்தா மாட்டிக்கொள்வார்?

இருந்தாலும் முயற்சி நிற்கவில்லை. லைஃப்லைனை 2006-ல் வாங்கிய பிலிப்ஸ், 2010-ல் தானாக அழைக்கும் பதக்கத்தைக் கொண்டுவந்தது. 2018-ல் ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 4 இந்த வசதியோடு வந்தது. பலமாக விழுந்தால் கடிகாரம் முதலில் அணிந்தவரைக் கேட்கும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் தானே அவசர உதவியை அழைக்கும். கேட்டுவிட்டு அழைப்பதால் பொய் எச்சரிக்கையும் குறையும்.

பதக்கம் 'நான் வயதானவன்' என்று ஊருக்கே சொல்லும், கடிகாரம் சொல்லாது. அதுவே அதன் பெரிய பலம். ஆனால் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிபவர்களை அது தவறவிடலாம். இரவில் சார்ஜ் போடக் கழற்றி வைத்தால் பயனே இல்லை.

50 ஆண்டுகளில் வேலை விரலிடமிருந்து சில்லுக்கு மாறியிருக்கிறது. கருவியை மாட்டிக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் இன்றும் அந்தப் பெரியவரிடமே இருக்கிறது. கேம்பிரிட்ஜ் முதியவர்களுக்கு இருந்த தயக்கத்தைப் போக்க எந்தச் சில்லும் இன்னும் வரவில்லை.