ஹஜ் பயணமும் மெனிங்கோகாக்கல் தடுப்பூசியும்: மீண்டும் ஊசி போடுவது ஏன்?

மைசூரு: பெங்களூரு வழியாக ஹஜ் புனிதப் பயணம் மேற்கொள்ளும் மைசூரு மாவட்டப் பயணிகள், புறப்படும் முன் மெனிங்கோகாக்கல் தடுப்பூசி செலுத்திக்கொள்வது கட்டாயம். சில ஆண்டுகளுக்கு முன் ஹஜ் அல்லது உம்ரா சென்று வந்தவர் மீண்டும் புறப்படும்போது, "முன்பே போட்ட ஊசி போதாதா?" என்று கேட்பது இயல்பு. முன்பு போட்டது எந்த வகை ஊசி, எப்போது போடப்பட்டது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும்.

மெனிங்கோகாக்கஸ் பாக்டீரியா மூளை உறை அழற்சியையும் இரத்த நச்சேற்றத்தையும் உண்டாக்குகிறது. உரிய சிகிச்சை அளித்தாலும் நோயுற்றவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேர் உயிரிழக்கின்றனர். 1987-இல் ஹஜ் பயணிகளிடையே இதன் ஏ வகை பரவியது. 2000, 2001-ஆம் ஆண்டுகளில் டபிள்யூ-135 வகை பரவி, பயணிகள் வழியாகப் பல நாடுகளை எட்டியது. இதையடுத்து ஏ, சி, டபிள்யூ, ஒய் ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான தடுப்பூசியை 2002 முதல் சவூதி அரேபியா கட்டாயமாக்கியது.

பெரும்பாலான நோய்களில், தடுப்பூசி உருவாக்கும் நினைவணுக்கள் பிற்காலத்தில் கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளைப் பெருக்கும். இந்நோயில் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. கிருமி தொற்றிய 2 முதல் 10 நாட்களில், பெரும்பாலும் 4 நாட்களுக்குள்ளேயே நோய் வெளிப்படுகிறது. நினைவணுக்கள் விழித்தெழுந்து போதிய எதிர்ப்பொருளைச் சுரக்கவும் ஏறக்குறைய அதே அளவு நாட்கள் ஆகும். எனவே கிருமி நுழையும் வேளையில் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

பிரிட்டன் இதை அனுபவத்தில் கண்டது. சி வகைக்கான தடுப்பூசியை அந்நாடு 1999-இல் அறிமுகம் செய்து, கைக்குழந்தைகளுக்கு 2, 3, 4-ஆம் மாதங்களில் மூன்று தவணைகள் அளித்தது. குழந்தைகளிடம் நினைவணுக்கள் உருவாகியிருந்தும், ஓராண்டுக்குப் பின் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்தது. 2006-இல் 12 மாத வயதில் ஊக்கத் தவணை சேர்க்கப்பட்டது. அமெரிக்காவிலும் 11-12 வயதில் போடும் ஒரே ஊசி போதாது எனக் கண்டு, 16 வயதில் ஊக்கத் தவணை அளிக்க 2010-இல் பரிந்துரைக்கப்பட்டது.

எதிர்ப்பொருளின் அளவை மட்டும் கொண்டு பாதுகாப்பு மதிப்பிடப்படுவதில்லை. தடுப்பூசி பெற்றவரின் இரத்த சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று சோதிக்கின்றனர். மனித நிரப்புப் புரதங்களைக் கொண்டு செய்யும் சோதனையில், நான்கு மடங்கு நீர்த்த பின்னும் கொல்லும் திறன் இருந்தால் பாதுகாப்பு உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. 1969-இல் அமெரிக்க ராணுவ வீரர்களிடம் நடந்த ஆய்வே இந்த அளவுகோலுக்கு அடிப்படை.

பழைய பாலிசாக்கரைடு வகை ஊசியில் கிருமியின் சர்க்கரை உறை மட்டுமே உள்ளது. அது புதிய நினைவணுக்களை உருவாக்காமல் இருப்பவற்றைச் செலவழித்துவிடுவதால், மறுமுறை போடும்போது குறிப்பாக சி வகைக்கு எதிர்ப்பொருள் முதல் முறையைவிடக் குறைவாகவே உருவாகிறது. அடிக்கடி பயணம் செய்வோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. சர்க்கரை உறையைப் புரதத்துடன் இணைத்துத் தயாரிக்கப்படும் கான்ஜுகேட் வகையில் இக்குறை இல்லை. அதன் ஊக்கத் தவணைக்குப் பின் எதிர்ப்பொருள் விரைந்து, முன்பைவிட உயர்ந்த அளவை எட்டுகிறது.

சவூதி விதிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. கான்ஜுகேட் ஊசிச் சான்று 5 ஆண்டுகளுக்கும், பாலிசாக்கரைடு ஊசிச் சான்று 3 ஆண்டுகளுக்கும் செல்லும். வகை குறிப்பிடப்படாத சான்றுக்கும் 3 ஆண்டுகளே. ஊசி போட்டு 10 நாட்களாவது கழிந்த பின்னரே அந்நாட்டுக்குள் நுழைய வேண்டும். ஆகவே முகாமில் ஊசி போட்டவுடன், தேதியுடன் வகையும் அட்டையில் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பயணிகள் அல்லாதோரில், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கும் அரிவாள் செல் நோயால் மண்ணீரல் செயலிழந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம். மைசூரு, சாமராஜநகர் வட்டாரப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோய் காணப்படுவதால், இது இப்பகுதிக்கு நெருக்கமான விஷயம். இத்தகையோருக்கு முதலில் இரண்டு தவணைகளும், ஆபத்து நீடிக்கும் வரை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊக்கத் தவணையும் பரிந்துரைக்கப்படுகின்றன. சிறு வயதில் தொடங்கிய குழந்தைகளுக்கு முதல் ஊக்கத் தவணை 3 ஆண்டுகளிலேயே அளிக்கப்படுகிறது.