சாம்பல் காட்டுக்கோழி

சாம்பல் காட்டுக்கோழி, இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத தரைப்பறவை. அறிவியல் பெயர் கேலஸ் சொன்னராட்டி. வீட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை எல்லாம் அடங்கிய பசியானிடே குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும், வடக்கே அபு மலை, பச்மரி வரையிலும், தமிழ்நாட்டின் உள்மலைகளான சேர்வராயன், ஜவ்வாது பகுதிகளிலும் காணலாம். தென்காசி மாவட்டத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் ஆகிய ஊர்களுக்கு மேற்கே எழும் மலைச்சரிவுகள் இதன் இடம்.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் உள்ள பனவடலிசத்திரம் காட்டுக்கோழியின் ஊர் அல்ல. பனையும் உடைமரமும் மானாவாரி நிலமுமாகக் கிடக்கும் வறண்ட சமவெளியில் தரையில் மேய்வன கௌதாரியும் காடையும் மயிலும்தாம். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து மேற்கே பார்த்தால் மலைத்தொடர் தெரியும். இப்பகுதியில் அந்த மலையடிவாரம்தான் இப்பறவையின் கிழக்கு எல்லை. சமவெளி மயில் ஊருக்குள் வந்து பெருகிக்கொண்டிருக்க, காட்டுக்கோழி மரநிழலையும் புதரையும் விட்டுத் தள்ளி வருவதில்லை. வந்தாலும் காலையிலும் மாலையிலும் காட்டோரத் தோட்டங்கள்வரை வந்து மேய்ந்துவிட்டு, ஆள் அரவம் கேட்டதும் புதருக்குள் ஓடிவிடும்.

உருவமும் குரலும்

வாலோடு சேர்த்து சேவல் 70 முதல் 80 செ.மீ. நீளம் இருக்கும், எடை ஒரு கிலோவுக்கு முன்பின். உடல் சாம்பல் நிறம், ஒவ்வோர் இறகிலும் வெளிறிய நடுக்கோடு. வால் கருமையில் ஊதாவும் பச்சையும் மின்னும் அரிவாள் வளைவு. பெட்டை சிறியது; முதுகு பழுப்பு, மார்பு வெள்ளையில் கரிய விளிம்பிட்ட செதில் போன்ற கோலம், கால்கள் மஞ்சள். காய்ந்த இலைச்சருகின் மேல் பெட்டை அசையாமல் இருந்தால் காலடியில் இருந்தாலும் தெரியாது.

சேவலின் தனி அடையாளம் கழுத்து இறகு. கருத்த இறகின் தண்டு நுனியை நோக்கிப் போகப்போகத் தட்டையாக அகன்று, மெழுகுத் துளி சிந்தி உறைந்ததுபோல் வெண்மையும் மஞ்சளுமான சிறு தகடாக முடிகிறது. தொட்டுப் பார்த்தால் இறகின் மென்மை அந்த இடத்தில் இராது. நகம்போல் வழுவழுப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். பறவை உலகில் இத்தகைய இறகு அரிது. இனப்பெருக்கக் காலம் முடிந்து மழைக்காலம் தொடங்கும்போது இந்த இறகுகள் உதிர்ந்து, சில மாதங்களுக்குச் சேவலின் கழுத்தில் பொலிவற்ற கருமையே மிஞ்சும்.

கழுத்துப் பொறிகளைத் தமிழர் கவனித்த காலம் பழையது. குறுந்தொகையின் 242ஆம் பாடல், முல்லை நிலத்துப் புதரிலிருந்து சொட்டும் நீர் கானங்கோழிச் சேவலின் பொறி நிறைந்த கழுத்தில் விழுவதைச் சொல்கிறது. வட இந்தியாவின் செங்காட்டுக்கோழிக்குக் கழுத்தில் பொறி கிடையாது. தென்னாட்டுக் காட்டில் இருந்ததும் இருப்பதும் சாம்பல் காட்டுக்கோழியே. எனவே அந்தப் பாடலின் பறவை எது என்பதில் அதிக ஐயம் வேண்டியதில்லை.

குரல் வீட்டுச்சேவலின் கூவலைப் போன்றதல்ல. குக், காயா, காயா, குக் என்று உடைந்து உடைந்து வரும். கடைசியில் அடங்கிய முனகல் ஒன்று. விடியலில் ஒரு சேவல் தொடங்கினால் அடுத்த சரிவில் இன்னொன்று பதில் சொல்லும்.

உணவும் கூடும்

மூங்கில் அரிசி, குறிஞ்சிச் செடிகளின் விதை, உண்ணிச்செடிப் பழம், கிழங்கு, கறையான், பூச்சி என்று கிடைத்ததைக் கிளறித் தின்னும். யானை லத்தியையும் கிளறும். மூங்கிலோ குறிஞ்சியோ கூட்டமாகப் பூத்து விதைக்கும் ஆண்டில் ஓரிடத்தில் பெருந்திரளாகச் சேரும் என்று பழைய பறவையியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பிப்ரவரி முதல் மே வரை முட்டையிடும் பருவம். இடத்துக்கு இடம் முன்பின் ஆகும். புதரடியில் சிறு பள்ளம், அதில் சருகு, வெளிர் நிறத்தில் நான்கு முதல் ஏழு முட்டைகள். அடைகாப்பது பெட்டை மட்டும். மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் தேனி வனக்கோட்டத்தின் கூடலூர் சரகத்தில் இதன் கூடு கட்டும் வழக்கத்தை ஆராய்ந்தனர். தமிழ்நாட்டுக் கோழியினப் பறவைகளைப் பற்றிய களப்பணிகளில் அது குறிப்பிடத்தக்கது.

இப்பருவத்தை நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஒரு சிக்கல் கண்ணில் படும். தென்மலைகளில் காட்டுத்தீ பரவும் மாதங்களும் இவையே. தரையோடு ஓடும் தீ பெரிய மரத்தை ஒன்றும் செய்யாமல் போகலாம். சருகில் இருக்கும் ஏழு முட்டைகளை விடாது. எனவே கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடு வெட்டி முடிப்பது, புலி, யானையைக் காக்கச் செய்யும் எந்த வேலைக்கும் குறைந்ததல்ல.

தூண்டில்காரர் தேடிய இறகு

அறிவியல் பெயரில் உள்ள பியர் சொன்னரா (1748–1814) பிரெஞ்சு இயற்கையியலாளர். தென்னிந்தியாவில் அலைந்து திரிந்து 1782இல் வெளியிட்ட பயண நூலில் இப்பறவையை விவரித்தார். 1813இல் டச்சு விலங்கியலாளர் தெம்மிங்க் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

அதன்பின் இறகு வணிகப் பொருளானது. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் சால்மன் மீன் பிடிக்கத் தூண்டில் முள்ளின் மேல் இறகுகளைச் சுற்றிப் பொய்ப் பூச்சி கட்டுவார்கள். அதன் பக்கவாட்டில் ஓரிணை காட்டுக்கோழி இறகு வைத்தால் மெழுகுப் பொறி மீனின் கண்போல நீரில் பளிச்சிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற ஜாக் ஸ்காட் என்ற தூண்டிலில் இந்த இறகு உண்டு. இதற்காகச் சேவலின் கழுத்துத் தோலை இறகோடு உரித்து ஏற்றுமதி செய்தார்கள். ஒரு தூண்டிலுக்குத் தேவை இரண்டு சிறு இறகு. அதற்கு ஒரு முழுச் சேவல் சாக வேண்டும். பெட்டைக்கு இந்த இறகு இல்லாததால் வேட்டை சேவல்களையே குறிவைத்தது.

இந்திய அரசு ஏற்றுமதியைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. 1991 திருத்தம் உரிமம் பெற்ற வேட்டைக்கும் கதவை அடைத்தது. பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இப்பறவை இருக்கிறது. இன்று ஐரோப்பியத் தூண்டில்காரர்களுக்குப் பண்ணையில் வளர்த்த பறவைகளின் இறகு கிடைக்கிறது. சட்டமும் பண்ணையும் சேர்ந்து வேலை செய்த அரிய நேர்வுகளில் இது ஒன்று.

இறகுக்கான வேட்டை ஓய்ந்தாலும் இறைச்சிக்கான வேட்டை ஓயவில்லை. காட்டோரப் பாதையில், கோழி வழக்கமாக நுழையும் புதர் இடுக்கில், நைலான் நரம்பால் சுருக்கு வைப்பார்கள். செலவு கிடையாது, சத்தம் கிடையாது. துப்பாக்கியைவிடக் கண்டுபிடிப்பது கடினம். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ரோந்தில் குனிந்து பார்த்துச் சுருக்கை அறுத்துக்கொண்டே போவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை.

வீட்டுக்கோழியோடு உறவு

வீட்டுக்கோழிகளின் மூதாதை இந்தப் பறவையே என்று சொன்னரா நம்பினார். டார்வின் மறுத்தார், செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்றார். நூறாண்டுக்கும் மேலாக டார்வின் சொல்லே நின்றது. 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வுக்குழு, கறிக்கடையில் நாம் பார்க்கும் கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. மூதாதை செங்காட்டுக்கோழிதான்; ஆனால் வழியில் எங்கோ தென்னிந்தியப் பறவை ஒன்று கலந்திருக்கிறது. சொன்னரா முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறுமில்லை.

அதே கலப்பு திரும்பவும் நடப்பதுதான் காப்பாளர்களுக்குக் கவலை. மலையடிவாரக் குடியிருப்புகளில் அவிழ்த்துவிட்ட நாட்டுக்கோழி காட்டோரம்வரை மேய்கிறது. கலப்பினம் உருவாகலாம், வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய் காட்டுக்குள் போகலாம். நாட்டுக்கோழிகளுக்குக் காலத்தில் தடுப்பூசி போடுவது கால்நடைத் துறையின் வேலையாகத் தெரிந்தாலும், அதன் பயன் வேலிக்கு அப்பாலும் சேரும்.

பாதுகாப்பு: இங்கும் ஐரோப்பாவிலும்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சாம்பல் காட்டுக்கோழி அபாயம் குறைந்த இனம். ஆனால் மொத்தக் கணக்கு நன்றாக இருக்கும்போதே ஓர் இனம் ஓரங்களில் அழிந்துவிட முடியும். அதற்கு ஐரோப்பாவின் கேப்பர்கெய்லி சான்று.

கேப்பர்கெய்லி நம் காட்டுக்கோழியின் குடும்பத்தையே சேர்ந்த பெரிய காட்டுப் பறவை. சேவல் நான்கு கிலோவைத் தாண்டும். ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை ஊசியிலைக் காடுகளில் ஏராளம், செம்பட்டியலில் அதுவும் அபாயம் குறைந்ததே. ஆனால் ஸ்காட்லாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அற்றுப்போனது. 1837இல் சுவீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள். 2015–16 குளிர்காலக் கணக்கெடுப்பில் 1,114 என்று மதிப்பிடப்பட்டது, 2021–22இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஸ்பெயினின் கான்டாப்ரிய மலைகளில் நிலைமை இன்னும் மோசம். 2018இல் அந்நாட்டு அரசு அதை மிகவும் ஆபத்துக்குள்ளானதாக அறிவித்தது.

காரணங்களைப் பார்த்தால் எல்லாம் தரையை ஒட்டியவை. மான் நுழையாமலிருக்கக் கட்டிய கம்பிவேலியில் பறவைகள் மோதிச் சாகின்றன. வேலியை அகற்றுகிறார்கள், அல்லது மரச்சட்டம் கட்டிக் கண்ணுக்குத் தெரியவைக்கிறார்கள். குஞ்சுகளுக்குப் புழு தரும் பில்பெரிப் புதர் நிழலிலும் மேய்ச்சலிலும் நலிகிறது. ஜூன் மாதக் குளிர்மழை குஞ்சுகளைக் கொல்கிறது. முட்டையைத் தின்னும் பைன் மார்ட்டென் நம் நீலகிரி மார்ட்டெனுக்கு உறவான, தானும் சட்டப் பாதுகாப்பு பெற்ற விலங்கு. அதைக் கொல்ல முடியாது. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: அடைகாக்கும் பருவத்தில் செத்த மானின் இறைச்சியை அதற்குப் போட்டு, வயிறு நிறைந்தால் கூட்டைத் தேடி அலையாது என்று சோதித்தார்கள். முட்டை இழப்பு குறைந்தது.

நம் மலையில் புதரின் கதை வேறு. உண்ணிச்செடி வெளிநாட்டிலிருந்து வந்து காட்டின் அடித்தளத்தை மூடிய களை. காட்டுக்கோழிக்கு அது பழமும் மறைவும் தருகிறது; ஆனால் புல்லையும் சிறு செடிகளையும் அமுக்கி, கோடையில் தீ ஏறவும் உதவுகிறது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையை வெளியிட்டது. பெரும்பரப்பை ஒரே மூச்சில் பிடுங்கினால் புதரை நம்பிய பறவைக்கு ஒதுங்க இடமிராது. துண்டுதுண்டாக அகற்றி, அந்த இடத்தில் நாட்டுச்செடி எழும்பியபின் அடுத்த துண்டுக்குப் போவதே சரி.

நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015இல் ஏறத்தாழ 356 சதுர கி.மீ. பரப்பில் அறிவிக்கப்பட்டது. 1988இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்கும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்கும் நடுவே விடுபட்டிருந்த காட்டை அது சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. சங்கரன்கோவில் சமவெளியிலிருந்து தெரியும் சரிவுகள் இதில் அடங்கும்.

புதருக்குள் ஓடும் பறவையைக் கண்ணால் எண்ண முடியாது, காதால் எண்ணலாம். விடியலில் ஒரே பாதையில், குறித்த இடங்களில் சில நிமிடம் நின்று கூவும் சேவல்களைக் கணக்கெடுத்து, அதையே ஆண்டுதோறும் திரும்பச் செய்தால் ஏற்றஇறக்கம் தெரிந்துவிடும். வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த நிலப்பறவைக் கணக்கெடுப்பு சேவல்கள் அதிகம் கூவும் கோடைத் தொடக்கத்தில் வருவதால், மலையடிவாரச் சரகங்களில் காட்டுக்கோழிக்கென்று தனிப் பதிவேடு தொடங்க அது ஏற்ற சமயம்.